ஞாயிற்றுக்கிழமைக் காய்ச்சல்: புறா வளர்த்தவர் ஒருவரின் நுரையீரல்

அவருக்கு வயது 56. வடசென்னையில் ராயபுரத்தை ஒட்டிய ஒரு தெருவில் மாடி வீடு. 2023 ஆகஸ்டில் மனைவியோடும் மகனோடும் நுரையீரல் மருத்துவரான என்னைப் பார்க்க வந்தார். மகன் கையில் ஒரு மஞ்சப்பை. மூன்று வருட வைத்தியம் முழுக்க அதற்குள் இருந்தது. அவருடைய அனுமதியோடுதான் இதை எழுதுகிறேன். ஆளை அடையாளம் காட்டக்கூடிய சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

"மாடி ஏறினா மூச்சு வாங்குதும்மா. மொதல்ல ரெண்டு மாடி ஏறினாதான் வாங்கும். இப்ப பாத்ரூம் போயிட்டு வந்தாலே கொஞ்ச நேரம் உட்காரணும்" என்றார். இருமல் இருந்தது, சளி இல்லை. ஒன்றரை வருடத்தில் ஒன்பது கிலோ எடை குறைந்திருந்தது. பீடி, சிகரெட், வெற்றிலை எதுவும் கிடையாது. சர்க்கரை நோய் அப்போது இல்லை. லேத் பட்டறை வைத்திருந்தவர் 2020 ஊரடங்கில் அதை மூடிவிட்டு வீட்டோடு இருந்தார்.

மஞ்சப்பையிலிருந்த தாள்களைத் தேதி வாரியாக மேசையில் பரப்பினேன். 2020 கடைசியில் இருமல் தொடங்கியபோது கொரோனா வந்து போனதன் மிச்சம் என்று சொல்லியிருக்கிறார்கள். 2021இல் எக்ஸ்ரேயில் இரண்டு பக்கமும் கறை தெரிந்தது. சளிப் பரிசோதனை இரண்டு முறையும் நெகட்டிவ். இருந்தும் ஆறு மாதம் டிபி மாத்திரை. பலன் இல்லை. 2022இல் "வீசிங்" என்று முடிவாகி ஒரு இன்ஹேலர், பிறகு இன்னொன்று, மாதம் இரண்டு முறை நெபுலைசர். அதிலும் பெரிய மாற்றமில்லை. இடையிடையே ஐந்து நாள், ஏழு நாள் ஸ்டீராய்டு மாத்திரை கொடுத்தபோது மட்டும் "ஆளு கொஞ்சம் தெளிஞ்சாரு" என்றார் மனைவி. அந்த வரியை அப்போதே குறித்துக்கொண்டேன்.

முன்பு பார்த்த மருத்துவர்களைக் குறை சொல்வது எளிது, அதைச் செய்ய மாட்டேன். உலகத்தில் காசநோய் வருபவர்களில் ஏறக்குறைய நான்கில் ஒருவர் இந்தியர். எக்ஸ்ரேயில் கறையும் எடைக்குறைவும் சேர்ந்து வந்தால் எங்கள் கை முதலில் டிபி மாத்திரையைத்தான் தேடும், பல நேரம் அது சரியாகவும் இருக்கும். ஆனால் சளியில் கிருமி இல்லை, ஆறு மாத மாத்திரையில் கறை கரையவில்லை என்றான பிறகு நோயின் பெயரையே சந்தேகித்திருக்க வேண்டும். அது நடக்கவில்லை. ஒரு பெயர் போய் இன்னொரு பெயர் வந்தது. அதற்குள் இரண்டு வருடம் கழிந்துவிட்டது.

நுரையீரல் மருத்துவரிடம் ஏன் முன்பே வரவில்லை என்று கேட்டேன். மனைவி தயங்கித்தான் சொன்னார்: "செஸ்ட் டாக்டர்னா டிபி டாக்டருனு பேசுவாங்கம்மா. சின்னப் பொண்ணுக்கு வரன் பாத்துட்டிருந்தோம்." அந்தப் பயத்துக்கு ஒரு வரலாறு இருக்கிறது. இந்தத் துறையே காசநோயிலிருந்து பிறந்ததுதான். தாம்பரம் சானடோரியத்தை 1928இல் டாக்டர் சவுரி முத்து தொடங்கியது காசநோயாளிகளுக்காக. ஊருக்கு வெளியே, நல்ல காற்றில், ஒதுக்கி வைத்துச் செய்த வைத்தியம் அது. வீட்டில் இருந்தபடியே மாத்திரை சாப்பிட்டாலும் அதே அளவு குணமாகும், கூட இருப்பவர்களுக்குக் கூடுதலாகத் தொற்றுவதில்லை என்று 1950களின் இறுதியில் நிரூபித்ததும் இதே சென்னைதான். வைத்தியம் மாறிவிட்டது, ஒதுக்கும் பழக்கம் மட்டும் மக்கள் மனத்திலிருந்து போகவில்லை.

நெஞ்சில் கேட்டது

உட்கார்ந்திருக்கும்போது ஆக்சிஜன் 94 சதவீதம். கைவிரல் நுனிகள் லேசாக உப்பி, நகங்கள் கிளிமூக்கு மாதிரி வளைந்திருந்தன. முதுகில் ஸ்டெதஸ்கோப் வைத்தால், இரண்டு நுரையீரலின் அடிப்பகுதியிலும் மூச்சு இழுக்கும்போதெல்லாம் பி.பி. பட்டையை மெல்லப் பிரிக்கிற சத்தம். நுரையீரல் தழும்பேறி விறைத்துப் போனால் வரும் சத்தம் அது. அதோடு, இழுக்கும் மூச்சின் நடுவில் அவ்வப்போது ஒரு சின்ன "கீச்".

இந்தக் "கீச்"சைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஆஸ்துமாவில் வரும் விசில் சத்தம் பெரும்பாலும் மூச்சை வெளியே விடும்போது கேட்கும். இவருக்குக் கேட்டது உள்ளே இழுக்கும்போது, அதுவும் ஒரு நொடிக்கும் குறைவாக. மிகச் சிறிய காற்றுக்குழாய்களில் அழற்சி இருந்தால், ஒட்டிக்கிடக்கும் குழாய் திடீரென்று திறக்கும்போது வரும் ஒலி. நெரிசலான புறநோயாளிப் பிரிவில் இதைக் கேட்டு "வீசிங்" என்று எழுதிவிடுவது மிக எளிது. இன்ஹேலர்கள் வந்த வழி இதுவாகத்தான் இருக்கும் என்று நினைக்கிறேன்.

அடுத்து ஊதும் பரிசோதனை, அதாவது ஸ்பைரோமெட்ரி. முழு மூச்சையும் ஊதியபோது வந்தது 1.98 லிட்டர். அவர் வயதுக்கும் உயரத்துக்கும் வர வேண்டியதில் 58 சதவீதம். அதில் 86 சதவீதத்தை முதல் நொடியிலேயே ஊதிவிட்டார். ஆஸ்துமா, சி.ஓ.பி.டி. போன்ற குழாய் அடைப்பு நோய்களில் இந்த முதல் நொடி விகிதம் குறையும். இவருக்குக் குறையவில்லை, காற்று தடையில்லாமல் வெளியே வருகிறது. நுரையீரலே சுருங்கியிருப்பதால் கொள்ளளவுதான் போதவில்லை. காற்றிலிருந்து வாயு இரத்தத்துக்குள் கடக்கும் திறனை அளக்கும் டி.எல்.சி.ஓ. 41 சதவீதம். ஆறு நிமிடம் நடக்கச் சொன்னோம். 312 மீட்டர் நடந்தார். முடிக்கும்போது ஆக்சிஜன் 84. உட்கார்ந்திருக்கும்போது எடுத்த 94ஐ மட்டும் நம்பி வீட்டுக்கு அனுப்பியிருந்தால் இது தெரிந்தே இருக்காது.

கேள்விகள்

அன்று நான் செய்ததில் முக்கியமானது இந்தப் பரிசோதனைகள் எதுவும் அல்ல, அதற்குப் பிறகு அவரோடு பேசிய நாற்பது நிமிடம்தான். நுரையீரல் சுருங்கித் தழும்பேறும் நோய்கள் நூற்றுக்கு மேல் இருக்கின்றன. மூட்டுவாதத்தோடு வருவது, மருந்தால் வருவது, கல் தூசியால் வருவது, காரணமே தெரியாமல் வருவது என்று பல. எதுவென்று பிரித்தறிய முதல் கருவி கேள்விதான். காலை எழுந்ததிலிருந்து இரவு படுக்கும்வரை என்ன செய்கிறீர்கள், எங்கே உட்காருகிறீர்கள், தலையணையில் பஞ்சா இறகா, வீட்டில் ஏர்கூலர் உண்டா, சுவரில் பூஞ்சை படிந்திருக்கிறதா, பக்கத்தில் மாவு மில் உண்டா என்று ஒவ்வொன்றாகக் கேட்டேன்.

பட்டறை முதலில் என் கவனத்தை இழுத்தது. லேத்தில் இரும்பு கடையும்போது ஊற்றும் குளிர்விக்கும் எண்ணெய்க் கரைசலில் கிருமிகள் வளரும். அந்தப் புகைமூட்டத்தைச் சுவாசித்து நுரையீரல் அழற்சி வருவது உண்டு. ஆனால் இருபது வருடம் பட்டறையில் இருந்தவரை நன்றாக இருந்திருக்கிறார். மூடிய பிறகுதான் இருமலே தொடங்கியிருக்கிறது. கணக்கு இடித்தது.

"பட்டறை மூடினதுக்கப்புறம் நாள் முழுக்க என்ன பண்றீங்க ஐயா?"

அவர் முகம் மலர்ந்தது. அன்று முதல் தடவையாக. "மேல என் பசங்களோடதான்."

பசங்கள் என்று அவர் சொன்னது புறாக்களை. 14 வயதிலிருந்து வளர்க்கிறார். வடசென்னையில் புறா வளர்ப்பது வெறும் பொழுதுபோக்கு கிடையாது. மணிக்கணக்கில் வானத்திலேயே நிற்கும் புறாவுக்கு ஒரு பந்தயம், பல்டி அடிக்கும் கர்ணத்துக்கு ஒரு பந்தயம், தூரத்தில் விட்டால் வீடு வந்து சேரும் ஹோமருக்கு ஒரு பந்தயம். இவர் ஹோமர்காரர். நெல்லூர், ஓங்கோல், விஜயவாடா என்று கொண்டுபோய் விட்ட புறா எத்தனை மணிக்குக் கூண்டில் வந்து இறங்கியது என்பதை வருட வாரியாகச் சொன்னார். பட்டறை இருந்தவரை இருபது புறா. மூடிய பிறகு அறுபதைத் தாண்டிவிட்டது. மொட்டை மாடியில் தகரக் கூரை போட்ட கூண்டு, அதை ஒட்டிய அறையில் இவர் படுக்கை.

"கூண்டு யார் கழுவறது?"

"கழுவறதெல்லாம் இல்லம்மா. ஞாயித்துக்கெழமை ஞாயித்துக்கெழமை நான்தான் சொரண்டிக் கூட்டுவேன்."

மனைவி இடையில் புகுந்தார். "அன்னிக்கு சாயந்திரம் ஆனா இவருக்கு ஒடம்பு சுடும். குளிருதும்பாரு. வெயில்ல நிக்காதேன்னா கேட்டாத்தானே. காலைல சரியாயிடும்." அந்தக் காய்ச்சல் இரண்டு மூன்று வருடமாக இருந்திருக்கிறது. வெயில் என்று நினைத்ததால் எந்த மருத்துவரிடமும் சொல்லவில்லை. எந்தச் சீட்டிலும் அது இல்லை.

இன்னொன்றும் வந்தது. 2022இல் மகள் பிரசவத்துக்காகச் சேலத்தில் பன்னிரண்டு நாள் தங்கியிருக்கிறார். மூன்றாம் நாளிலிருந்து இருமல் குறைந்தது. திரும்பி வந்த வாரமே பழையபடி. "ஊர்க்காத்து ஒத்துக்கிச்சுனு சொன்னாங்க" என்றார் மகன். காற்றுதான் காரணம், சந்தேகமில்லை. அந்தக் காற்றில் புறாத் தூசி இல்லை.

உள்ளே நடந்தது

புறாவின் உடலில் மெல்லிய வெள்ளைப் பொடி படிந்திருக்கும். சிறகடித்தால் பறக்கும். கையில் பிடித்தால் ஒட்டும். ஒரு மைக்ரான் அளவுக்குச் சிறியது என்பதால் மூக்கிலும் தொண்டையிலும் தங்காமல் நேரே காற்றுப் பைகளுக்குள் போய்விடும். அந்தப் பொடியிலும் காய்ந்த எச்சத்திலும் புறாவின் புரதங்கள் இருக்கின்றன. பெரும்பாலானவர்களின் உடல் அவற்றைக் கண்டுகொள்வதில்லை. சிலருடைய உடல் மட்டும் ஒரு கட்டத்தில் அவற்றை எதிரியாக எடுத்துக்கொள்ளும். அதன்பின் ஒவ்வொரு முறை சுவாசிக்கும்போதும் நுரையீரலுக்குள் லிம்போசைட் என்னும் வெள்ளணுக்கள் திரளும். அதிகமாக உள்ளே போனால் நான்கிலிருந்து எட்டு மணி நேரத்தில் காய்ச்சல், குளிர், இருமல். காலையில் கூண்டு சுரண்டியவருக்குச் சாயங்காலம் உடம்பு சுட்ட கணக்கு இதுதான். கொஞ்சம் கொஞ்சமாகத் தினமும் போய்க்கொண்டே இருந்தால் காய்ச்சல்கூடக் காட்டாமல் நுரையீரல் தழும்பேறும். இவருக்கு இரண்டும் நடந்திருக்கிறது.

ஹைப்பர்சென்சிடிவிட்டி நியூமோனைட்டிஸ் என்று பெயர். சுருக்கமாக எச்.பி. புறா வளர்ப்பவர்களுக்கு இது வருவதை 1965இலேயே மருத்துவ இதழில் எழுதியிருக்கிறார்கள். நம் நாட்டில் இது அபூர்வமும் இல்லை. 19 நகரங்களில் 27 மையங்களில் 1084 நோயாளிகளைத் திரட்டி 2017இல் வெளியான இந்தியப் பதிவேட்டில், நுரையீரல் திசு நோய் உள்ளவர்களில் 47.3 சதவீதம் பேருக்கு எச்.பி.தான். அவர்களில் ஏறக்குறையப் பாதிப் பேர் வீட்டில் ஏர்கூலர். தண்ணீர் மாற்றாத கூலரின் பூஞ்சையும் புறாப் பொடி செய்வதையே செய்யும்.

கோயில் கோபுரத்துப் புறாவைக் கண்டு யாரும் பயப்பட வேண்டியதில்லை. நாற்பது வருடம் வளர்த்தும் ஒன்றும் ஆகாதவர்கள் இவருடைய நண்பர்களிலேயே நிறைய. உடல்வாகு, மரபு, எவ்வளவு பொடி எவ்வளவு நாள் என்பதெல்லாம் சேர்ந்தால்தான் நோய். இவருக்கு அந்தக் கடைசிக் கணக்கு 2020க்குப் பிறகு கூடிப்போனது.

உறுதி செய்தது

நுரையீரலை நுணுக்கமாகக் காட்டும் எச்.ஆர்.சி.டி. ஸ்கேனை மூச்சு இழுத்து நிறுத்தி ஒன்றும் விட்டு நிறுத்தி ஒன்றும் எடுக்கச் சொன்னேன். விட்ட மூச்சில் எடுப்பதைப் பல இடங்களில் விட்டுவிடுகிறார்கள். இந்த நோயில் அதுதான் பேசும். சிறு குழாய்கள் சுருங்கிய பகுதிகளில் காற்று வெளியேறாமல் மாட்டிக்கொண்டு கறுப்பாகத் தெரியும். பக்கத்தில் அழற்சி உள்ள பகுதி மங்கலான வெள்ளை, நல்ல பகுதி இடைப்பட்ட சாம்பல். ஒரே படத்தில் மூன்று நிறம். அதோடு நடுப்பகுதியிலும் மேலேயும் தழும்புகள், தழும்பு இழுத்ததால் விரிந்துபோன குழாய்கள்.

பிராங்கோஸ்கோபி செய்து, அதாவது மூச்சுக்குழாய்க்குள் கேமரா வைத்த மெல்லிய குழாயை விட்டு, நுரையீரலின் ஒரு பகுதியை உப்புநீரால் கழுவி எடுத்துப் பார்த்தோம். அந்த நீரில் லிம்போசைட்டுகள் 38 சதவீதம். காசநோய்க் கிருமி அதிலும் இல்லை. மூட்டுவாத நோய்களுக்கான இரத்தப் பரிசோதனைகள் நெகட்டிவ். புறாப் புரதத்துக்கு எதிரான ஐ.ஜி.ஜி. என்னும் எதிர்ப்புப் புரதம் இரத்தத்தில் அதிகம். இந்தக் கடைசிப் பரிசோதனையை மட்டும் வைத்து முடிவெடுக்கக் கூடாது. நோயில்லாத புறாக்காரர்களிடமும் அது அதிகமாக இருக்கலாம். புறாவோடு பழக்கம் என்பதற்குத்தான் அது சாட்சி.

ஸ்கேன் பார்க்கும் ரேடியாலஜி மருத்துவர், மூட்டுவாத மருத்துவர், நான் மூவரும் உட்கார்ந்து பேசினோம். அமெரிக்க, ஜப்பானிய, லத்தீன் அமெரிக்க நுரையீரல் சங்கங்கள் 2020இல் சேர்ந்து வெளியிட்ட வழிகாட்டியின்படி மூன்று விஷயம் பார்க்க வேண்டும்: காரணப் பொருளோடு தொடர்பு, ஸ்கேனின் அமைப்பு, கழுவிய நீரில் லிம்போசைட். மூன்றும் பொருந்தின. அறுவைசெய்து சதை எடுக்கத் தேவையில்லை என்று முடிவானது. டி.எல்.சி.ஓ. 41 உள்ளவருக்கு அந்த அறுவை ஆபத்தும்கூட.

இதற்குள் மகன் பீரோவுக்குப் பின்னாலிருந்து ஒரு பழைய எக்ஸ்ரே படத்தைக் கண்டுபிடித்துக் கொண்டுவந்தார். 2019இல் ஏதோ உடல் தகுதிச் சான்றுக்காக எடுத்தது. "நார்மல்" என்று எழுதியிருந்தது. இப்போது தெரிந்துகொண்டு பார்க்கும் கண்ணுக்கு, நடுப்பகுதியில் பனிமூட்டம் போல ஒன்று அப்போதே தொடங்கியிருந்தது தெரிந்தது. பழைய படங்களைத் தயவுசெய்து தூக்கிப் போடாதீர்கள். நோய் எவ்வளவு வேகமாகப் போகிறது என்று எங்களுக்குச் சொல்ல அவை பெரிதும் உதவும்.

திரும்பி வந்த புறாக்கள்

மருந்துச் சீட்டில் முதல் வரியாக நான் எழுதியது: புறாக்கள் வீட்டை விட்டுப் போக வேண்டும். அவர் பேசவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "மாஸ்க் போட்டுக்கிட்டுப் பாத்துக்கறேம்மா. ஒரு பத்து மட்டும் வெச்சுக்கறேன்" என்றார். நல்ல முகக்கவசம் பொடியைக் குறைக்கும், உண்மைதான். தழும்பு விழத் தொடங்கிய நுரையீரலுக்குக் குறைந்தால் போதாது. அதைச் சொன்னேன். 42 வருடத்தைச் சீட்டில் ஒரு வரியில் எடுத்துக் கொடுக்கிறோம் என்பது எனக்கும் தெரியும். அந்த வரியை எழுதிவிட்டு "அடுத்த டோக்கன்" என்று கூப்பிடக் கூடாது. அன்று கூப்பிடவில்லை.

இரண்டு வாரம் கழித்து திருவொற்றியூரில் ஒரு நண்பரிடம் எல்லாவற்றையும் கொடுத்துவிட்டார். மூன்றாவது வாரம் மகன் போன் செய்தார். "டாக்டர், எல்லாம் திரும்பி வந்துடுச்சு."

நான் யோசித்திருக்க வேண்டும். அவை ஹோமர்கள். வீடு திரும்புவதற்கென்றே பழக்கியவை. விஜயவாடாவிலிருந்து வருபவற்றுக்குத் திருவொற்றியூர் ஒரு தூரமா? நண்பர் கூண்டைத் திறந்துவிட்ட அன்றே ஏழெட்டு தவிர மற்ற எல்லாம் பழைய மொட்டை மாடியில் வந்து இறங்கியிருக்கின்றன. இவர் தாங்காமல் இரை போட்டிருக்கிறார். அன்று இரவு மறுபடியும் காய்ச்சல்.

அந்தக் காய்ச்சல்தான் அவரை மனம் மாற்றியது. நான் சொன்னதைவிட அவருடைய உடம்பு சொன்னதை அவர் நம்பினார். வளர்ந்த ஹோமரை இடம் மாற்றினால் திறந்துவிடக் கூடாது, கூண்டிலேயே வைத்து இனப்பெருக்கத்துக்கு மட்டும் பயன்படுத்த வேண்டும், அங்கே பிறக்கும் குஞ்சுகளுக்கு அதுவே வீடாகிவிடும் என்று எனக்கு விளக்கியதும் அவரே. இரண்டாம் முறை அப்படிச் சொல்லியே கொடுத்தார்.

புறா போனாலும் பொடி போவதில்லை. மாதக்கணக்கில் வீட்டுக்குள் தங்கும். கூண்டின் பலகை, தகரம், வலை எல்லாவற்றையும் பிரித்து அப்புறப்படுத்தினார்கள். தரையையும் சுவரையும் ஈரத்துணியால் துடைத்தார்கள், உலர்ந்த துடைப்பம் தொடவில்லை. மெத்தையும் திரைச்சீலையும் மாற்றப்பட்டன. இதெல்லாம் முடியும்வரை அவர் சேலத்தில் மகள் வீட்டில் இருந்தார். மனைவிக்கும் மகனுக்கும் ஊதும் பரிசோதனை செய்தோம். இருவருக்கும் நுரையீரல் நன்றாக இருக்கிறது.

மருந்து: பிரெட்னிசோலோன் என்னும் ஸ்டீராய்டு தினம் 30 மில்லிகிராமில் தொடங்கி மாதக்கணக்கில் குறைத்தோம். மூன்றாவது வாரம் இரத்தச் சர்க்கரை 240ஐத் தொட்டது. மெட்ஃபார்மின் சேர்க்க வேண்டியிருந்தது. ஸ்டீராய்டை இறக்குவதற்காக, எதிர்ப்புச் சக்தியைத் தணிக்கும் மைக்கோஃபெனோலேட். ஃப்ளூவுக்கும் நிமோனியா உண்டாக்கும் நியூமோகாக்கஸ் கிருமிக்கும் தடுப்பூசி. வாரம் மூன்று நாள் மூச்சுப் பயிற்சியோடு சேர்ந்த நடைப்பயிற்சி. அழற்சி இறங்கும், விழுந்த தழும்பு மறையாது என்பதை முதல் மாதமே மூவரையும் உட்கார வைத்துச் சொன்னேன். தழும்பு மேலும் கூடினால் நின்டெடானிப் தர வேண்டிவரும் என்பதையும் சொன்னேன். 2019இல் வெளியான, 663 பேரை வைத்து நடந்த ஆய்வில், இப்படித் தழும்பு கூடிக்கொண்டே போகும் நோய்களில் வருடத்துக்கு 188 மில்லிலிட்டராக இருந்த மூச்சளவின் இழப்பை அது 81 மில்லிலிட்டராகக் குறைத்தது. இழந்ததை மீட்டுத் தரும் மருந்து அல்ல, இழப்பை மெதுவாக்கும் மருந்து. இவருக்கு இதுவரை தேவைப்படவில்லை.

2025 பிப்ரவரியில் கடைசியாகப் பார்த்தேன். மூச்சளவு 58லிருந்து 64 சதவீதம், டி.எல்.சி.ஓ. 45. ஆறு நிமிடத்தில் 371 மீட்டர் நடந்தார், ஆக்சிஜன் 89க்குக் கீழே இறங்கவில்லை. ஐந்து கிலோ ஏறியிருந்தார். ஒரு மாடியை நிற்காமல் ஏறுகிறார், இரண்டாவது மாடிக்கு நடுவில் நிற்க வேண்டியிருக்கிறது. ஞாயிற்றுக்கிழமைக் காய்ச்சல் வருவதில்லை. சின்ன மகளுக்குக் கல்யாணம் முடிந்துவிட்டது.

பந்தய நாட்களில் திருவொற்றியூர் நண்பர் போன் செய்து எந்தப் புறா எத்தனை மணிக்கு இறங்கியது என்று சொல்கிறாராம். அதை ஒரு நோட்டில் எழுதி வைத்திருக்கிறார். என்னிடம் காட்டினார். அவருடைய பழைய சாம்பல் நிறப் பெட்டை ஒன்று மட்டும் எப்படியோ தப்பி இரண்டு தடவை மொட்டை மாடிக்கு வந்ததாம். அவர் கீழேயே நின்றுகொண்டார். மகன் முகக்கவசம் போட்டுக்கொண்டு மேலே போய்ப் பிடித்து, வண்டியில் கொண்டுபோய் விட்டுவிட்டு வந்தார்.